வலந்தலையில் தூவிய மணல்

மிருதங்கத்தின் வலந்தலைமேல் மெல்லிய மணலைத் தூவி, ஒரு விரலை ஓரிடத்தில் லேசாக வைத்துக்கொண்டு இன்னொரு விரலால் தட்டினால், மணல் துள்ளி ஓடி ஒரு கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலை இடம் மாற்றித் தட்டினால் கோடும் மாறும். சர் சி.வி. ராமன் இதைச் செய்து பார்த்து 1934இல் கட்டுரையாக வெளியிட்டார். நோபல் பரிசு வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தார். அந்த ஆண்டு அவரே தொடங்கிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில், முதல் தொகுதியிலேயே, மிருதங்கத்துக்கு இடம் கிடைத்தது.

நான் பாபநாசம் தாலுகாக்காரன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ராமன் பிறந்தது 1888இல் திருவானைக்காவலில், பூர்வீகம் எங்கள் தஞ்சாவூர் ஜில்லா. அதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதற்காக இதை எழுதவில்லை. என் அக்கா மகள் சென்னையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். காதுக்குக் கேட்காத ஒலியை வைத்து, ஒரு சின்ன சிப்புக்குள் ஓடும் ரத்தத்திலுள்ள செல்களை நகர்த்துவதுதான் வேலை. "புது சப்ஜெக்ட் மாமா, எல்லாம் இந்த இருபது இருபத்தஞ்சு வருஷத்துல வந்தது" என்றாள். சிப் புதுசு, சப்ஜெக்ட் பழசு என்பது என் கட்சி.

முதலில் அந்த வலந்தலை. நடுவில் கறுப்பு வட்டமாக இருக்கும் சோறு, வடித்த சாதத்தை மசித்து, இரும்புச் சத்துள்ள ஒரு கறுப்புக் கல்லின் பொடியோடு பிசைந்து செய்வது. கொஞ்சமாக எடுத்துத் தடவி, வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்துக் காயவிட்டு, அதன்மேல் அடுத்த பூச்சு. அதற்கு மேல் இன்னொன்று. தேய்க்கத் தேய்க்க மயிரிழை வெடிப்புகள் விழும். வெடிப்பு விழாவிட்டால் சோறு ஒரே வில்லையாக விறைத்து, தோலை அசையவிடாது. தஞ்சாவூரில் இந்த வேலையில் பேர் வாங்கியது செவித்தியான் குடும்பம். மிருதங்க வித்வான் வைத்தியநாத ஐயருக்கும், அவரிடம் பாடம் கேட்க வந்த பாலக்காடு மணி ஐயருக்கும் மிருதங்கம் செய்து கொடுத்தவர்கள். மாட்டுத்தோலைத் தொட்ட கை என்பதால் சபாவில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. டி.எம். கிருஷ்ணா 2020இல் அவர்களைப் பற்றிப் புத்தகம் போட்ட பிறகுதான் கச்சேரி கேட்கிறவர்களில் பலருக்கு அந்தப் பேரே தெரியவந்தது.

வெறும் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அடிப்படை 1 என்றால் அடுத்தது 1.59, பிறகு 2.14, 2.30 என்று கண்டபடி போகும். சோற்றின் கனம் அவற்றை இழுத்து 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் நிறுத்துகிறது. ராமன் 1920இலேயே நேச்சர் இதழில் சிறு குறிப்பாக இதைச் சொல்லிவிட்டார். தோல் அதிரும் ஒன்பது விதங்கள் எப்படி ஐந்து சுருதிக்குள் அடங்குகின்றன என்பதை 1934 கட்டுரையில் மணல் காட்டிக்கொடுத்தது.

தகட்டில் மணல் தூவும் உபாயம் ராமனுடையது அல்ல. ஜெர்மனியில் கிளாட்னி 1787இல் அச்சிட்ட புத்தகத்திலேயே கோலம் கோலமாக அந்தப் படங்கள் இருக்கின்றன. தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுப்பார். மணல் அசைவில்லாத கோடுகளில் ஒதுங்கும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. மணலுக்குப் பதில் ரொம்பவும் நைசான தூளைப் போட்டால் அது நேரெதிராக, அதிகம் அதிரும் இடத்துக்குப் போய்க் குவிந்தது. ஒரே தகடு, ஒரே ஒலி. மணல் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். பிரான்சில் சவார் ஏதோ ஒரு விளக்கம் சொன்னார். லண்டனில் ஃபாரடே அதை ஏற்கவில்லை. தகடு அதிரும்போது அதன்மேல் உள்ள காற்று சுழன்று சுழன்று ஓடுகிறது, கனமான மணலை அதனால் தூக்க முடியாது, தூளை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது என்றார். வாயால் சொன்னதோடு விடவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த ஜாடிக்குள் தகட்டை வைத்து அதிரவிட்டார். தூளும் மணலைப் போலவே கோட்டுக்கு வந்தது. இது 1831.

இந்த இடத்தில்தான் அக்கா மகளை மடக்கினேன். அவள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க இதே தகராறுதான். 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் ரத்தச் சிவப்பணு, ஏழெட்டு மைக்ரான் அகலம், சொன்ன பேச்சைக் கேட்டுக் கோட்டில் வந்து நிற்கிறது. ஒரு மைக்ரான் பாக்டீரியாவை விட்டால் அது நிற்பதில்லை. ஒலியால் தண்ணீரில் கிளம்பும் சுழலோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுமார் இரண்டு மைக்ரானுக்குக் கீழே ஒலியின் தள்ளல் தோற்று, சுழலின் இழுப்பு ஜெயிக்கிறது. ஃபாரடேயின் காற்றுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். அவள் சிரித்துவிட்டு, "சரி மாமா, ஃபாரடேயைச் சேர்த்துக்கறேன்" என்றாள். ராமனின் மிருதங்கக் கட்டுரையையும் சேர்க்கச் சொன்னேன். அதற்கு வழிகாட்டி ஒப்பவில்லையாம்: தள்ளும் விசையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவர் சொல்வது நியாயம்தான். ராமனுக்கு ஒலி எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டியிருந்தது; மணல் அதற்குச் சாட்சி. இவளுக்கு மணல்தான் சரக்கு.

அந்த விசையைக் கணக்குப் போட்டவர் கனடாவில் மான்ட்ரியலில் இருந்த லூயி கிங். ஒலி அலைக்குள் மாட்டிய ஒரு சிறு உருண்டை எவ்வளவு பலத்தோடு தள்ளப்படும் என்ற அவருடைய கட்டுரை வந்ததும் 1934தான். வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தியிருக்கலாம். பாடத்திட்டத்தில் இரண்டுமே கிடையாது. கிங்கின் உருண்டை இறுகியது, நசுங்காது. நசுங்கும் உருண்டைக்கு 1955இல் ஜப்பானியர் இருவர் கணக்குப் போட்டார்கள். 1962இல் ரஷ்யாவில் கோர்கோவ் அதைச் சுருக்கித் தந்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் மாணவர்கள் எடுத்து ஆள்கிறார்கள்.

ராமனும் அந்தப் பக்கம் வராமல் இல்லை. திரவத்துக்குள் போகும் கேளா ஒலியை மணல் தூவிப் பார்க்க முடியாது. 1932இல் அமெரிக்காவில் டெபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும், அதன் குறுக்கே வெளிச்சத்தைச் செலுத்தினார்கள். ஒரு கீற்று பல கீற்றாகப் பிரிந்தது. ஏன் அத்தனை கீற்று, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கை 1935, 36இல் ஐந்து கட்டுரைகளில் முடித்தவர்கள் ராமனும் நாகேந்திர நாத்தும். பெங்களூரிலேயே எஸ். பார்த்தசாரதி திரவம் திரவமாக எடுத்து அளந்தார். ராமன்–நாத் என்ற பேர் அக்கா மகளின் ஏட்டிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

செல்லுக்கு ஒலி ஆகாது என்பதுதான் முதலில் தெரிந்த சேதி. முதல் உலகப் போரின்போது தூலோன் துறைமுகத்தில் லான்ஜவன் நீர்மூழ்கி தேடும் ஒலியைச் சோதித்தபோது பக்கத்தில் வந்த சின்ன மீன்கள் செத்து மிதந்தன. 1927இல் வுட்டும் லூமிஸும் வலுவான ஒலியில் மீனையும் தவளையையும் கொன்று பார்த்தார்கள். சிவப்பணுக்கள் உடைந்து சிதறின. அதே ஒலி கைப்பக்குவமாக இருந்தால் செல்லைக் கொல்லாமல் நிறுத்தும் என்பது 1971இல் லண்டனில் மேரி டைசனும் கூட்டாளிகளும் கண்டது. கோழிக்கருவின் ரத்தக்குழாயில் 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி. ஓடிக்கொண்டிருந்த சிவப்பணுக்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாகப் பட்டை பட்டையாகக் கட்டி நின்றுவிட்டன. பெண்களின் வயிற்றில் ஸ்கேன் வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. டாக்டர்களுக்கு அது எச்சரிக்கையாகத்தான் பட்டது.

அந்த எச்சரிக்கையைக் கருவியாக்கியது ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் தாமஸ் லாரெலின் குழு. சிலிக்கானில் 0.35 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால், அடியில் அதிரும் பீங்கான் வில்லை, சுமார் 2 மெகாஹெர்ட்ஸ். அந்த அகலத்தில் சரியாக அரை அலை அடங்கும். சிவப்பணு நடுவில் சேரும். கொழுப்புத் துளி இரண்டு ஓரத்துக்கும் ஒதுங்கும், முறத்தில் புடைக்கும்போது நெல்லும் பதரும் பிரிவதுபோல. இருதய அறுவையில் வெளியே வழியும் ரத்தத்தைக் கொழுப்பு நீக்கி நோயாளிக்கே திருப்பி ஏற்ற முடியுமா என்று பார்த்தார்கள். சென்னை ஐஐடியில் எஸ். கார்த்திக்கும் ஏ.கே. சென்னும், ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் இப்படிப்பட்ட கருவி ஒன்றைப் பற்றி 2018இல் எழுதியிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஆஸ்பத்திரி மேஜைக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். "ரத்தத்துல நூத்துக்கு நாப்பது நாப்பத்தஞ்சு பங்கு செல்தான் மாமா. தண்ணி கலந்து விட்டா வரிசையில நிக்குது. அப்படியே விட்டா நெரிசல், ஒண்ணை ஒண்ணு இடிச்சுத் தள்ளுது. ஒலியைக் கூட்டினா சூடாகுது. சூடானா தண்ணியில ஒலியோட வேகம் மாறுது. வேகம் மாறினா அரை அலை வாய்க்காலுக்குப் பொருந்தாம போகுது." அடியில் உள்ள வில்லையைக் குளிர வைக்க ஏதோ ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள். கார்த்திகைக்கு ஊருக்கு வரமாட்டாளாம்; அதற்குள் நீர்க்காத ரத்தத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்கிறாள்.