துரத்தியவர் தந்த எல்லை

கத்தோலிக்கருக்கு மறைமாவட்டம் பழகிய விஷயம்: ஓர் ஆயர், அவருக்குக் கீழே பங்குகள், பங்குத்தந்தையர். நம் தாத்தாக்கள் மேற்றிராசனம் என்றார்கள். அதன் பூர்விகம் மட்டும் ஆலயத்தில் இல்லை, ரோமப் பேரரசின் கச்சேரியில் இருக்கிறது.

மாகாணங்களைப் பன்னிரண்டு டயோசிஸ்களாகத் தொகுத்த பெருமை டயோக்ளீஷியன் என்ற பேரரசரைச் சேரும். 303இல் கிறிஸ்தவ ஆலயங்களை இடிக்க ஆணையிட்டவரும் இவரே! பேரரசு சரிந்த பிறகும் நகரத்துக்கு ஓர் ஆயர் என்ற வழக்கம் நீடித்தது. அவருடைய எல்லைக்கு, அதாவது மறைமாவட்டத்துக்கு, டயோசிஸ் என்ற இந்தப் பெயரே நிலைத்தது. ஒரு வேடிக்கை: பேரரசில் பல மாகாணங்கள் சேர்ந்தால் ஒரு டயோசிஸ், திருச்சபையில் பல டயோசிஸ்கள் சேர்ந்தால் ஒரு மாகாணம்.

திருச்சபை கடன் வாங்கியதை அரசு ஒருமுறை திருப்பிக் கேட்டது. 1790இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் நாட்டை 83 மாவட்டங்களாக வெட்டிய கையோடு, ஆயர்களையும் 83ஆக்கினார்கள், போப்பாண்டவரைக் கேட்காமலே. 1801இல் நெப்போலியன் போப்பாண்டவரோடு பேசி அறுபதாகக் குறைத்தார்.

இந்தியாவுக்கு மறைமாவட்டம் வந்தது 1329இல், வாஸ்கோ ட காமாவுக்கு வெகு முன்பே. கொல்லத்துக்கு ஜோர்டானுஸ் என்ற துறவி ஆயரானார். அவருக்குப் பின் அந்த ஆசனம் நூற்றாண்டுக் கணக்கில் ஓய்ந்துபோனது. பிறகு மிளகு தேடி வந்த போர்த்துகீசியரோடு கோவா, கொச்சி, 1606இல் மயிலாப்பூர் என வரிசையாக மறைமாவட்டங்கள் முளைத்தன. ஆயரை முன்மொழியும் உரிமை லிஸ்பன் மன்னருக்கு, இதுதான் பதுரவாதோ. மன்னரை நம்பிப் பயனில்லை என்று கண்ட ரோம், 1622இல் விசுவாசப் பரப்புப் பேராயத்தைத் தொடங்கித் தன் ஆட்களை அனுப்பியது. கேட்பானேன்? 'இந்தக் கோயில் யாருக்கு?' என்ற வழக்கு இரண்டு நூற்றாண்டு ஓயவில்லை.

ரோமும் போர்ச்சுகலும் 1886இல் செய்துகொண்ட உடன்படிக்கையும் ஒட்டுப்போட்ட சமரசம்தான். வேளாங்கண்ணியும் தஞ்சையும் மயிலாப்பூருக்குப் போயின. இடையில் கிடந்த கடலூர்ப் பக்கமெல்லாம் புதுச்சேரிக்கு. 1952இல்தான் தஞ்சை தனி மறைமாவட்டமாகி, மயிலாப்பூர் சென்னையோடு இணைந்தது.

அதற்காக நிலத்தில் ஒரே கோடு விழுந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வழிபாட்டு மரபு வேறானால் எல்லையும் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் லத்தீன் மரபுக்குக் கோட்டாறு, குழித்துறை. சீரோ மலபார் மரபுக்குத் தக்கலை. சீரோ மலங்கரை மரபுக்கு மார்த்தாண்டம். மாவட்ட ஆட்சியர் ஒருவர், மறைமாவட்டம் நான்கு.