எரியாத பக்கம்

1933-ஆம் வருஷம். பாரிஸ் நகரத்தில் ஒரு சினிமாக் கொட்டகை. செய்திப் படம் ஓடுகிறது. பெர்லினில் மாணவர்கள் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக நெருப்பில் எறிகிறார்கள். இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களில் வயதான டாக்டர் ஒருவர். எரிந்தவற்றில் அவர் எழுதியவை உண்டு. ஆயுள் முழுவதும் சேர்த்தவையும் உண்டு.

கதை எழுதுகிறவன் நான். இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்ய எனக்குத் துணிவு வராது. சரித்திரத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை.

அவர் பெயர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட், யூதர். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு, ஆணோடு ஆண் கூடுவதைக் குற்றமாக்கியிருந்தது. சிறைக்குப் போனவர்கள் சிலர்; அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தவர்களிடம் சிக்கிச் சீரழிந்தவர்கள் பலர். 1897-ல் அவர் சில நண்பர்களோடு ஒரு குழு அமைத்து, பிரிவை நீக்கக் கோரிக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். ஐன்ஸ்டைன், தாமஸ் மான் போன்றவர்களும் பின்னால் கையெழுத்திட்டார்கள்.

முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. 1919 ஜூலையில் பெர்லினில் பாலியல் விஞ்ஞானக் கழகத்தைத் திறந்தார். விவாக ஆலோசனை, கர்ப்பத்தடை, நோய்ச் சிகிச்சை எல்லாம் அங்கே கிடைத்தன. ஆண் உடலில் பெண் மனத்தோடு தவித்தவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. இதைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். 1920-ல் மூனிக்கில் அவரை அடித்துப் போட்டார்கள். இறந்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுத, அதை அவரே படித்தார்!

1929 அக்டோபர் 16. பார்லிமெண்டின் சட்டக் கமிட்டி 15-க்கு 13 என்ற ஓட்டில் 175-ஐக் கைவிடத் தீர்மானித்தது. முப்பத்திரண்டு வருஷ உழைப்பு! ஆனால் கமிட்டித் தீர்மானம் சட்டமாகிவிடுமா? சபை அல்லவா நிறைவேற்ற வேண்டும்? அதே மாதம் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. 1932-க்குள் ஜெர்மனியில் வேலையற்றோர் 60 லட்சம். சபையை ஒதுக்கிவிட்டு, ஜனாதிபதியின் அவசர உத்தரவுகளே ஆட்சி நடத்தின. தீர்மானம் காகிதமாகவே கிடந்தது.

1933 மே 6-ந் தேதி மாணவர் கூட்டம் கழகத்துக்குள் புகுந்தது. நாலாம் நாள் புத்தகங்கள் சாம்பலாயின. ஆனால் சட்டப் புத்தகத்தின் அந்தப் பக்கம் எரியவில்லை. குடியரசு கிழிக்காமல் விட்டதை நாஜிகள் எடுத்துக்கொண்டு, 1935-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வருஷம் மே 14-ல், தம் 67-வது பிறந்த நாளன்று, ஹிர்ஷ்ஃபெல்ட் பிரான்ஸின் நீஸ் நகரில் காலமானார்.

அவரை மகானாக்க நான் முயலவில்லை. தகுதியுள்ள சந்ததியே பெருக வேண்டும் என்ற அக்காலக் கொள்கையில் அவருக்கும் நம்பிக்கை இருந்தது. அதன் கொடூரமான வடிவத்தைத்தான் நாஜிகள் 1933-ல் கட்டாயக் கருத்தடைச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. நாஜிகள் ஒழிந்தார்கள், அவர்கள் கூர்தீட்டிய 175 மட்டும் மேற்கு ஜெர்மனியில் 1969 வரை அப்படியே இருந்தது. சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அது அடியோடு நீங்கியது 1994-ல்தான். முதல் கையெழுத்திலிருந்து கணக்கிட்டால் தொண்ணூற்றேழு வருஷம்.

நூலகம் ஒன்றைச் சாம்பலாக்க அவர்களுக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது.