மளிகைக் கடைகளும் பேரங்காடிப் போட்டியும்

மளிகைக் கடை என்பது அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு முதலான அன்றாடப் பொருள்களைக் குடியிருப்புத் தெருவிலேயே சில்லறையாக விற்கும் சிறு கடை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் இதைப் பலசரக்குக் கடை என்பர். தமிழ்நாட்டில் இக்கடைகள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து சங்கிலித் தொடர் பேரங்காடிகளின் போட்டியைச் சந்தித்து வருகின்றன.

பின்புலம்

சென்னையின் 'அண்ணாச்சி கடை'களை வளர்த்தவர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரங்களிலிருந்து வந்த நாடார் வணிகர்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்னும் பொதுநிதிக்கு ஒதுக்கிப் பள்ளிகள் நடத்திய சமூகம் இது. 1921-ல் தூத்துக்குடியில் இவர்கள் தொடங்கிய நாடார் வங்கியே பின்னர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று. ஊரிலிருந்து வரும் இளைஞர் உறவினர் கடையில் சில ஆண்டுகள் பொட்டலம் மடித்துத் தொழில் பழகி, பின்பு தனிக்கடை வைப்பது வழக்கம்.

வணிக முறை

மாதச் சம்பளக் குடும்பங்கள் முதல் வாரத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து மாதச் சாமானை மொத்தமாக வாங்கும். தினக்கூலிக் குடும்பங்கள் நூறு கிராம் துவரம்பருப்பு, இரண்டு முட்டை, ஒரு பாக்கெட் ஷாம்பு என அன்றன்றைக்கு வாங்கும். கையில் காசில்லாத நாளில் கடைக்காரர் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். கூலி கிடைத்ததும் வாடிக்கையாளர் தீர்ப்பார். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை; ஆளைத் தெரியும் என்பதே பிணை. மாதச் சாமான் வியாபாரத்தில் வரும் ரொக்கமே இந்தக் கடனைத் தாங்குகிறது.

பேரங்காடிகளின் வருகை

ஃபுட்வேர்ல்டு 1996-லும், தள்ளுபடி விலைக் கடையான சுபிக்ஷா 1997-லும் சென்னையில் தொடங்கின. நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கிளைகள் வரை பரவிய சுபிக்ஷா, கைமுதல் தட்டுப்பாட்டால் 2009-ல் முடங்கியது. 2006-ல் ஐதராபாத்தில் முதல் கடை திறந்த ரிலையன்ஸ் ஃபிரெஷ் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அண்மை ஆண்டுகளில், சில நிமிடங்களில் வீட்டுக்கே பொருள் தரும் செயலிகளும் நகரங்களில் போட்டியில் இறங்கியுள்ளன.

போட்டியின் தன்மை

பேரங்காடி உற்பத்தியாளரிடம் பெருமளவில் நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. சிறு கடைக்கு விநியோகஸ்தரின் வண்டியில்தான் சரக்கு வருகிறது. தாங்கள் வாங்கும் விலைக்கும் குறைவாகப் பேரங்காடிகளில் சில பொருள்கள் விற்கப்படுவதாக வணிகர்கள் குறைகூறி வருகின்றனர். முதலில் விலகிப்போவது மாதச் சாமான் வாங்கும் குடும்பங்கள்தான். கடைக்காரரிடம் எஞ்சுவது சில்லறை வியாபாரமும் கடன் நோட்டும். ரொக்க வரவு குறைந்ததும் அவர் கடனை இறுக்க வேண்டியதாகிறது. பேரங்காடிப் பக்கமே போகாத கூலித் தொழிலாளியையும் போட்டி இவ்வாறு பாதிக்கிறது.

சட்டமும் எதிர்ப்பும்

பல வணிகப் பெயர்ப் பொருள்களை விற்கும் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை நடுவண் அரசு 2012 செப்டம்பரில் அனுமதித்தது. கடை திறக்க ஒப்புதல் தரும் முடிவை மாநிலங்களிடமே விட்டது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் இதை அனுமதிக்க மறுத்தார். ஆண்டுதோறும் மே 5 அன்று கடையடைத்து வணிகர் தினம் கொண்டாடும் வணிகர் சங்கங்களும் எதிர்த்தன. ஆயினும் இக்கட்டுப்பாடு இந்திய முதலீட்டில் இயங்கும் சங்கிலிக் கடைகளுக்குப் பொருந்தாது.

தாக்குப்பிடிக்கும் வழிகள்

யுபிஐ பணப்பரிமாற்றம், வாட்ஸ்அப்பில் வரும் சாமான் சீட்டு, வீடு தேடிச் சரக்குக் கொடுத்தல் ஆகியவற்றை மளிகைக் கடைகள் ஏற்றுக்கொண்டுள்ளன. இவை வசதியில் உள்ள இடைவெளியைக் குறைக்குமே தவிர, கொள்முதல் விலையில் உள்ளதைக் குறைப்பதில்லை. பல கடைகள் சேர்ந்து கூட்டுக் கொள்முதல் செய்வதும், குறைந்த வட்டியில் நடைமுறை மூலதனம் கிடைப்பதுமே அதற்கு வழி. மகமையும் வங்கியும் கண்ட வணிக மரபுக்குக் கூட்டு முயற்சி புதிதல்ல. கூலிக் குடும்பத்துக்கு வட்டியில்லாக் கடன் தரும் ஓர் ஏற்பாடு நிலைக்குமா என்பது இதைப் பொறுத்தது.