ஒளிநாடாவும் கணினியும்

ஒரு மணி நேரக் கல்யாண நாடாவைக் கணினியில் ஏற்றி முடித்துப் பார்க்கையில், ஆரம்பத்தில் ஒழுங்காகப் பொருந்தியிருந்த ஒலி, மாங்கல்ய தாரணக் கட்டம் வருவதற்குள் தவில்காரரின் கைகளை முந்திக்கொண்டு ஓடுவதையும், மணமக்கள் அசையும்போதெல்லாம் அவர்களுடைய உருவத்தின் ஓரங்கள் சீப்பின் பற்களைப்போலப் பிளந்து தெரிவதையும், பதிவு ஒன்பது நிமிஷத்தைக் கடந்ததும் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவதையும் 1990-களின் பிற்பகுதியில் எடிட்டிங் தொழிலில் இருந்தவர்கள் கண்டிருப்பார்கள். கணினியின் தோஷம் என்றும், மென்பொருளின் தோஷம் என்றும், கேப்சர் கார்டின் தோஷம் என்றும் அன்று அவரவர் தமக்குத் தோன்றிய காரணத்தைச் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடிப் போனால், அவற்றுள் பெரும்பாலானவை கணினி படங்காட்டத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, தொலைக்காட்சியின் பால்ய தசையில், முற்றிலும் வேறான நிர்ப்பந்தங்களுக்காக நிபுணர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளின் சந்ததி என்பது விளங்கும்.

முதலில் அந்தச் சீப்புப் பற்களை எடுத்துக்கொள்வோம். 1936 நவம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, விநாடிக்கு 25 முழுப் படங்களை மட்டும் காட்டினால் திரை மினுக்குவது கண்ணுக்குத் தெரியும். 50 முழுப் படங்களை அனுப்புவதற்கோ அலைவரிசையில் இடம் கிடையாது. ஆகவே ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை மறு முறையுமாக, விநாடிக்கு 50 அரைப் படங்களை மாற்றி மாற்றி அனுப்பும் இன்டர்லேஸ் முறையை மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிபுணர்கள் கைக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கைகூடத் தற்செயலாக வந்ததன்று. பிரிட்டனின் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையதாகையால், படமும் அதே தாளத்தில் ஓடினால்தான் மின்சாரத்தின் குறுக்கீடு திரையில் நெளிந்து நகராமல் ஒரே இடத்தில் அடங்கிக் கிடக்கும். அமெரிக்காவின் மின்சாரம் 60 சுழற்சி உடையதாகவே, அங்கே அரைப் படங்கள் 60 ஆகவும் முழுப் படங்கள் 30 ஆகவும் அமைந்தன. பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் ஓர் அரைப் படம் மங்கும்போது மற்றது ஒளிர்ந்ததால் கண் எந்தப் பிளவையும் உணரவில்லை. கணினித் திரையோ இரண்டு அரைகளையும் ஒருசேரப் பொருத்திக் காட்டுகிறது. இடைப்பட்ட ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் மணமகள் கையை அசைத்திருந்தால், அந்த அசைவு அத்தனையும் பிளவாக வெளிப்பட்டுவிடுகிறது. அரைகளில் எது முந்தியது என்பதை மென்பொருளுக்குத் தவறாகச் சொல்லிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நடப்பவர் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாக உதறிக்கொண்டு போவார். சாதாரண நாடாவைக் கேப்சர் செய்யும் கார்டுகள் பலவற்றில் மேல் அரை முந்தியது; பின்னால் வந்த டிஜிட்டல் கேசட்டில் கீழ் அரை முந்தியது. ஒரே கல்யாணத்தில் இரண்டு வகைக் கேமராவும் ஓடியிருந்தால் எடிட்டர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

ஒலி படத்தைவிட்டு விலகுவதற்கான காரணங்களுள் ஒன்று 1953-இல் விதைக்கப்பட்டது. அந்த வருஷக் கடைசியில் அமெரிக்க அரசாங்கம் வர்ணத் தொலைக்காட்சிக்கு அங்கீகாரம் கொடுத்தபோது, வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள் வீணாகிவிடக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. பழைய அலையினுள்ளேயே நிறத்தையும் ஒளித்து அனுப்பினார்கள். அப்படி அனுப்பும்போது நிறத்தைச் சுமக்கும் அலையும் ஒலியைச் சுமக்கும் அலையும் மோதித் திரையில் புள்ளிகள் நெளியாமலிருப்பதற்காக, படத்தின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். முப்பது, 29.97 ஆயிற்று. பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாத அந்தச் சின்னஞ்சிறு குறைப்பு, ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம்களாக, அதாவது 3.6 விநாடியாகப் பெருகுகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க முறையில் பதிவான நாடாவை ஏற்றிய எவரேனும் மென்பொருளில் 29.97 என்று குறிக்க வேண்டிய இடத்தில் 30 என்று குறித்தால், படம் ஒலியைவிட அத்தனை விநாடி முன்னதாக முடிந்துபோயிற்று.

ஐரோப்பா வர்ணத்துக்கு வந்தது 1967-இல். ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் வகுத்த ‘பால்’ முறையை ஜெர்மனியும் பிரிட்டனும் ஏற்றன. பிரான்ஸ் தனக்கென்று ‘செக்காம்’ முறையை வைத்துக்கொண்டது. இந்தியா 1982-இல் வர்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது ‘பால்’ முறையையே கைக்கொண்டது, இலங்கையிலும் அதுவே. இந்தப் பிரிவினை நம்மவர் வீடுகளுக்குள் எவ்வளவு தூரம் புகுந்தது என்பதை 1983-க்குப் பிறகு உலகெங்கும் சிதறிப்போன ஈழத் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். அண்ணன் லண்டனிலும், தங்கை பாரிஸிலும், தம்பி டொராண்டோவிலுமாக வாழ்ந்த ஒரு குடும்பத்தில், அந்தந்த நாட்டுக் கேமராவில் எடுத்த மூன்று கல்யாணங்களும் மூன்று வெவ்வேறு முறைகளில் பதிவாகிவிடும். அந்தக் கேசட்டுகள் யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ வந்து சேரும்போது, லண்டன் கேசட் மட்டும் ஒழுங்காக ஓடும். பாரிஸ் கேசட்டில் நிறம் போய்க் கறுப்பு-வெள்ளையாகத் தெரியும். டொராண்டோ கேசட் அமெரிக்க முறையிலானதாகையால், அந்த முறையை அறியாத டெக்கில் உருண்டுகொண்டே போகும். மகளின் கூறைப் புடவை என்ன நிறம் என்று பார்க்க முடியாத தாயின் மனவருத்தத்தை எந்தத் தொழில்நுட்ப நூலும் குறித்து வைக்கவில்லை. கேப்சர் செய்பவருக்கும் இதே சோதனைதான்: மென்பொருளில் முறையை மாற்றிக் குறிக்காமல் நாடாவை ஓடவிட்டால், நிறமற்ற படமோ வெறுந்திரையோதான் கைக்கு வரும்.

நாடாவின் சரித்திரத்தையும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1956 ஏப்ரலில் சிகாகோ நகரில் கூடிய ஒளிபரப்பாளர் மகாநாட்டில், சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய யந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டு அங்குல அகலமுள்ள நாடா விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓட, சுழலும் உருளையில் பொருத்திய நான்கு தலைகள் அதன் குறுக்கே படத்தைப் பதித்தன. சினிமாப் பிலிமைப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டுவதற்கு அதில் ஏதும் தெரியாது. ஆகவே நாடாவின்மேல் நுண்ணிய இரும்புத் தூள் கலந்த திரவத்தைப் பூசுவார்கள். காந்தம் பதிந்த இடங்களில் தூள் ஒட்டிக்கொண்டு கோடுகள் தோன்றும். பூதக்கண்ணாடி வழியாக ஒரு படம் முடிந்து மறு படம் தொடங்கும் எல்லைக் குறியைக் கண்டுபிடித்து, சவர பிளேடால் அந்த இடைவெளியில் அறுத்து, மறு முனையோடு சேர்த்து முதுகுப்புறம் ஒட்டுவார்கள். மயிரிழை பிசகினாலும் ஒட்டிய இடத்தில் படம் உருளும். அதோடு, ஒலியைப் பதிக்கும் தலை படத்தலையிலிருந்து அரை விநாடிக்கு மேற்பட்ட தூரம் தள்ளியிருந்ததால், படத்தைச் சரியான இடத்தில் அறுத்தால் பேச்சு நடுவில் அறுபடும். படமும் ஒலியும் பிரிந்து நிற்கும் துன்பத்தை எடிட்டர்கள் முதன்முதல் அனுபவித்தது இந்த மேஜையில்தான் என்று நான் நினைக்கிறேன். கணினித் திரையில் ஒரு சொடுக்கில் வெட்டுகிறவர்கள் அந்தப் பொறுமைசாலிகளை ஒரு தரமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

1976-இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். கேசட்டை வெளியிட்ட பின் பதிவு வீட்டுக்குள் வந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் பிரதியெடுப்பதே எடிட்டிங் ஆயிற்று. ஒவ்வொரு பிரதியிலும் படம் தேய்ந்தது.

நாடாவைக் கணினிக்குப் பொருத்தமான எண்களாக மாற்றும் பிரமாணம் 1982-இல் சர்வதேச உடன்பாடாக வந்தது. ஐரோப்பிய 625 வரிக்கும் அமெரிக்க 525 வரிக்கும் ஒருங்கே பொருந்தும்படி விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் மாதிரிகள் என்ற கணக்கை நிபுணர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் இரண்டு முறைகளிலும் ஒரு வரிக்கு 720 புள்ளிகளே வந்தன. ஆனால் வரிகளின் எண்ணிக்கை வேறுபட்டதால் புள்ளி எதிலும் சதுரமாக அமையவில்லை. கணினியோ எல்லாப் புள்ளியும் சதுரமென்றே எண்ணுகிறது. லண்டன் கேசட்டில் மாப்பிள்ளை மெலிந்தும், டொராண்டோ கேசட்டில் பருத்தும் தெரிந்ததற்கு அவர் உடம்பு காரணமன்று.

1991-இல் ஆப்பிளின் குயிக்டைமும் அடோபியின் பிரீமியரும், மறு வருஷம் மைக்ரோசாஃப்டின் வீடியோ ஃபார் விண்டோஸும் வந்தன. ஆரம்பத்தில் 160-க்கு 120 புள்ளி அளவுள்ள சிறு படத்தைத்தான் அவை கையாள முடிந்தது. பிறகு கார்டுகள் வலுவடைந்து முழுப் படமும் உள்ளே வந்தபோது, மேலே சொன்ன பழைய ஏற்பாடுகளெல்லாம் வரிசையாகத் தலையெடுத்தன. புதிய தொல்லை ஒன்றும் கூடிற்று. படம் கேப்சர் கார்டின் கடிகாரத்துக்கும், ஒலி சவுண்டு கார்டின் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டு வந்ததால், இரண்டு படிகங்களுக்கிடையே பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும், ஒரு மணி நேர முடிவில் ஒன்பது ஃபிரேம் விலகிவிடும். தேய்ந்த நாடாவில் வரிகள் நடுங்கும்போது கார்டு சில படங்களை விட்டுவிடும். விட்ட அளவுக்கு ஒலி பின்தங்கும். விவரம் அறிந்தவர்கள் டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் வரிகளை நேராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்னும் சாதனத்தை வைத்தார்கள். வசதியில்லாதவர்கள் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்து ஏற்றி விலகலை அடக்கினார்கள். அதைக் குறுக்குவழி என்று சொல்வது சரியன்று. காரணத்தை உணர்ந்து செய்த வைத்தியம் அது.

1995-இல் வந்த டிஜிட்டல் கேசட்டும் ஃபயர்வயர் கம்பியும் இந்தக் கடிகாரப் பிணக்கைப் பெரும்பாலும் தீர்த்தன. கேமராவிலேயே எண்களாகிவிட்ட படத்தையும் ஒலியையும் கம்பி வழியே அப்படியே பிரதியெடுப்பதுதான் வேலை. ஆனால் விநாடிக்கு ஏறக்குறைய 3.6 மெகாபைட் வீதம் இடையறாமல் வாங்கிக்கொள்ளும் சக்தி அன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு எப்போதும் இருக்கவில்லை. பின்னணியில் வேறொரு நிரல் விழித்துக்கொண்டால் ஃபிரேம்கள் உதிர்ந்தன. படத்துக்கென்றே தனி டிஸ்க் வைக்கும் வழக்கம் அதனால் வந்தது. பழைய ஏ.வி.ஐ. கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளராததால்தான் பதிவு ஒன்பதரை நிமிஷத்தில் நின்றது. டிஸ்க்கை ஃபேட் 32 முறையில் அமைத்திருந்தவர்களுக்குக் கோப்பின் வரம்பு 4 ஜிகாபைட். பத்தொன்பதாவது நிமிஷத்தில் நின்றது. எண்ணிப் பார்த்தால் நின்ற நிமிஷமே நோயின் பெயரைச் சொல்லிவிடும். ஒலியில் இன்னொரு கண்ணி இருந்தது: கேமரா 32 ஆயிரம் மாதிரி முறையில் பதித்திருக்க, எடிட்டர் 48 ஆயிரத்தில் வேலையைத் தொடங்கினால், ஒலியை மாற்றிக்கொள்ளத் தெரியாத மென்பொருளில் அது ஒழுங்காக அமையாது.

இன்று நாடாவின் இடத்தில் கைப்பேசி நிற்கிறது. கணக்கு மட்டும் மாறவில்லை. வெளிச்சம் குறைந்தாலோ கருவி சூடேறினாலோ கைப்பேசி தன் ஃபிரேம் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது; சீரான வேகத்தை எதிர்பார்க்கும் மென்பொருளில் ஒலி மறுபடியும் விலகுகிறது. முதலில் ஒரே வேகத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு வெட்டத் தொடங்குவதே பரிகாரம்.

நாடாக்களின் நிலைதான் அவசரமானது. வி.எச்.எஸ். டெக்குகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. ஃபயர்வயர் துளை புதிய கணினிகளில் இல்லை. அலமாரியில் கிடக்கும் கேசட்டுகளிலோ பூஞ்சணம் படர்கிறது. அவற்றை ஏற்றுகிறவர்கள் முதலில் நாடா எந்த நாட்டு முறை என்று தீர்மானித்து, இரண்டு அரைப் படங்களையும் கலக்காமல், அதிகம் சுருக்காமல், மூல வேகத்திலேயே ஒரு பிரதியைப் பத்திரப்படுத்திய பின்பே, பார்ப்பதற்கான பிரதியை வேறாகச் செய்ய வேண்டும். பிளவை நீக்குவதும் நிறத்தைத் திருத்துவதும் அந்த இரண்டாவது பிரதியில் நடக்கட்டும்.