பத்து வரியில் கும்பகோணம்

சொந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இரண்டே கதிதான். ஒன்று, நாலு பக்கத்துக்குக் கொசுவத்தி சுத்தும். இல்லை, ஒரு வரிகூட வராது.

வங்கி உத்தியோகத்தில் மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றி, இப்போது நாக்பூரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். 2019-ல் அப்பா தவறிய பிறகு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். பத்தாவது படிக்கும் என் பெண்ணுக்குக் கும்பகோணம் என்றால் கோடை லீவும் கொசுக்கடியும்தான். அதனால் போன வருஷம் வீட்டில் ஒரு வழக்கம் ஆரம்பித்தோம். கிளையில் தூக்கிப்போட வைத்திருந்த பழைய சலான் கட்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் வெள்ளை. வாரம் ஒரு நினைவு, அந்தப் பின்பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எவ்வளவு பொடியாக எழுதினாலும் பத்து வரிதான்.

இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கு முன்னோடி உ.வே.சா.தான். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். வந்த வருஷமே, அங்கே முன்சீப்பாக இருந்த சேலம் ராமசுவாமி முதலியார் "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்று கேட்கப்போய், 1887-ல் அது அச்சில் வந்தது எல்லாரும் அறிந்த கதை. அவருடைய 'என் சரித்திரம்' 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடங்கியது. 1942-ல் அவர் மறைந்தபோது முடியாமலே நின்றுபோனது. கதை 19-ம் நூற்றாண்டைக்கூடத் தாண்டவில்லை!

எனக்கு அதைவிடப் பிடித்தது 'நினைவு மஞ்சரி', 'நல்லுரைக் கோவை' தொகுப்புகளில் இருக்கும் சின்னக் கட்டுரைகள். ஒரு மனிதர், ஒரு சம்பவம், சில பக்கம், முடிந்தது. அவர் பெரிதாகச் சொல்ல வந்ததைவிட, போகிறபோக்கில் சொன்னவைதான் இன்றைக்கு நமக்குச் சரித்திரம். யார் வீட்டில் சாப்பாடு, எந்த வண்டியில் பயணம், எந்த ஏடு யார் வீட்டுப் பரணில் கிடந்தது என்பதெல்லாம்.

அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வதாக நினைத்து அடிக்க வராதீர்கள். நான் பி.காம். அவரிடம் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, சின்னதாக எழுதுவது. அதில் ஒரு வசதி உண்டு, ஒரு வம்பும் உண்டு. நாலு பக்கம் எழுதினால் தப்பு ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். பத்து வரியில் தேதி போட்டு ஒன்றைச் சொன்னால் உடனே மாட்டிக்கொள்வோம்.

முதல் சலானிலேயே மாட்டினேன். "வருஷா வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள், நாங்கள் காவிரிக்கரையில் புதுத் தண்ணீருக்குக் காத்திருப்போம்" என்று எழுதியிருந்தேன். பெண் பத்து நிமிஷத்தில் பழைய செய்திகளைத் தேடிவிட்டு, "எல்லா வருஷமும் ஜூன் 12-ல திறக்கலையேப்பா?" என்றாள். உண்மைதான். காவிரி நடுவர் மன்றம் அமைத்ததே 1990-ல். நான் வளர்ந்த வருஷங்கள் தண்ணீருக்குச் சண்டை போட்ட வருஷங்கள். ஆற்று மணலில் கிரிக்கெட் விளையாடிய நாட்கள்தான் அதிகம் இருக்கும். புதுத் தண்ணீர் மட்டும் மனசில் நின்றுவிட்டது.

மகாமகச் சலான்தான் என்னை உட்கார வைத்தது.

12 வருஷத்துக்கு ஒருமுறை, குரு சிம்ம ராசியில் இருக்கும்போது வரும் மாசி மகம். சுமார் 6 ஏக்கர் குளம், சுற்றிலும் நாயக்கர் கால அமைச்சர் கோவிந்த தீட்சிதர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 16 மண்டபங்கள். நான் எழுதியது இது: "1992 மகாமகம். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். குளமே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சலானைக் கீழே வைத்தார்.

"தோள்ல போனது 1980-ல. அப்ப உனக்கு மூணு வயசு. 92-ல நீ பத்தாவதுடா. உன்னை யாரு தூக்குவா?"

கணக்குப் பார்த்தால் அப்படித்தான். 1992 பிப்ரவரி 18. அடுத்த மாசம் பொதுத்தேர்வு. படி என்று சொல்லிவிட்டு அப்பா மட்டும் குளத்துக்குப் போனார். முதல்வர் ஜெயலலிதா வந்திருந்த நாள் அது. நெரிசலில் சுமார் 50 பேர் இறந்துபோனார்கள். ஊருக்கே தெரிந்த இதை நான் எப்படித் தோள் சவாரியாக மாற்றினேன் என்று இன்னமும் புரியவில்லை.

அம்மா மெதுவாகச் சொன்னார். மத்தியானம் அப்பா செருப்பில்லாமல் வந்தார். சட்டைப் பை கிழிந்திருந்தது. நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போலப் பாத்திரக்கடைக்குக் கணக்கெழுதப் போய்விட்டார். அதைப் பற்றி அம்மாவிடம்கூடப் பேசவில்லை.

கிணற்றடிச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அப்பா ஏன் இந்த நேரத்தில் குளிக்கிறார் என்று யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது. எந்த வருஷம் என்று தெரியாமல் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்த தொகை மாதிரி, 33 வருஷம் தனியாகவே கிடந்திருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 2004 மகாமகத்துக்குக் குடும்பமே கிளம்பியபோது அப்பா வரவில்லை. முட்டி வலி என்றார். அன்று சாயங்காலமே சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போய்க் கொழுந்து வெற்றிலை வாங்கி வந்தார். "உங்களுக்கு பக்தியே கிடையாதுப்பா" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். 2016-லும் வரவில்லை. அப்போது நிஜமாகவே முட்டி வலி.

பழைய சலானைக் கிழிக்க மனசில்லை. வேறு ஒன்று எடுத்து எழுதினேன்:

"1992 பிப்ரவரி 18. நான் குளத்துக்குப் போகவில்லை. அப்பா போனார். மத்தியானம் செருப்பில்லாமல் திரும்பி வந்தார். கிணற்றில் வெகுநேரம் குளித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை."

எழுதி முடித்தபோது சலானில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. இன்னும் ஏதாவது சேர்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.