பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்: ஏன் இன்னும் தேடுகிறார்கள்? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மேருவில் இருக்கும் ஓர் இளைஞர், ஜப்பானில் இருந்து வந்த பழைய பொருள்களை விற்கும் கடையில் ஒரு கிட்டார் ஆம்ப்பைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி சுத்தமாக இருக்கிறது. விலையும் கட்டுப்படியாகிறது. வீட்டுக்குக் கொண்டு வந்து, நம்மூர் பிளக்கை மாட்டி சுவிட்ச் போடுகிறார். 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. ஆம்ப் போச்சு.

என்ன நடந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம். 40, 50 வருடப் பழசான பெட்டியை ஏன் ஒருவர் தேடிப் போகிறார் என்பதுதான் முதல் கேள்வி.

வால்வு, டிரான்சிஸ்டர்: என்ன வித்தியாசம்?

உங்கள் தாத்தா பாட்டியிடம் வால்வு ரேடியோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சுவிட்ச் போட்டதும் பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் சூடேறிய பிறகுதான் சத்தம் வரும். ஆரம்பகால கிட்டார் ஆம்ப்புகளும் அப்படித்தான்.

1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவானது. கண்ணாடிக் குழாய் செய்த வேலையை ஒரு சின்னத் துண்டு செய்தது. ரேடியோ சட்டைப்பைக்குள் வந்தது. 1960களில் கிட்டார் ஆம்ப்புகளும் அந்தப் பக்கம் திரும்பின. நம் வட்டாரத்தில் 'பாப் யே யே' கிட்டார் குழுக்கள் கலக்கிய காலமும் அதுதான்.

ஆனால் தொடக்கம் சரியாக அமையவில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1966இல் கொண்டு வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்புகள் அடிக்கடி பழுதாகிப் பெயரைக் கெடுத்துக்கொண்டன. இன்னொரு குறையும் இருந்தது. வால்வு ஆம்ப்பை எல்லைக்கு மேல் ஏற்றினால் ஒலி மெதுவாகக் கரகரக்கும். ராக் இசைக்கு அது இனிமை. டிரான்சிஸ்டரோ எல்லையைத் தொட்டதும் ஒலி அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும், காதைக் குத்தும்.

அப்படியென்றால் ஏன் பிடிக்கிறது?

எல்லையைத் தொடாத வரை டிரான்சிஸ்டர் ஆம்ப் மிகத் தெளிவாகப் பேசும். ஒலியைக் கூட்டினாலும் கிட்டாரின் குரல் மாறாது. இந்தத் தெளிவுதான் பலருக்கு வேண்டியிருந்தது.

இதற்குப் பெரிய உதாரணம், 1975இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜேசி-120 ஜாஸ் கோரஸ். உள்ளே 60 வாட் ஆம்ப்புகள் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. கோரஸ் சுவிட்சைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டாரின் நேரடி ஒலி வரும். மற்றதில் அதே ஒலி சற்றுத் தாமதமாக, லேசாக அசைந்து வரும். இரண்டும் அறையின் காற்றில்தான் கலக்கின்றன. அதனால் ஒரே கிட்டார் பல கிட்டார் போலக் கேட்கும்.

அந்தத் தாமதத்தை உண்டாக்கும் சிப், தீயணைக்க மக்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல வேலை செய்கிறது. ஒலியைத் துண்டு துண்டாக ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கடத்துகிறது. வாளி கடைசிக் கைக்கு வந்து சேர ஆகும் நேரம்தான் தாமதம்.

மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தெளிவான ஒலிக்கு இந்த ஆம்ப்பைப் பயன்படுத்தியவர். புளூஸ் மேதை பி.பி. கிங் வாசித்தது 'லேப் சீரிஸ் எல்-5' என்ற இன்னொரு டிரான்சிஸ்டர் ஆம்ப்பில். 'டிரான்சிஸ்டர் என்றால் மட்டம்' என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பெயர்களே போதும்.

நம் இசைக்கும் இதில் பாடம் உண்டு. யு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினிலும், பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரிலும் கர்நாடக இசையைக் கொண்டு வந்தார்கள். கமகத்தில் சுரம் வளைந்து போகும் பாதை காதில் விழ வேண்டுமென்றால், ஆம்ப் குழப்பாமல் இருக்க வேண்டும். தெளிவான ஆம்ப் அதற்குக் கை கொடுக்கும்.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

முதலில், பின்பக்க லேபிள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவில் 230 வோல்ட். மேரு இளைஞரின் ஆம்ப் எரிந்தது இதனால்தான். அவர் மாற்றியது பிளக்கின் வடிவத்தை மட்டும், வோல்ட் மாறவில்லை. லேபிளில் 100 வோல்ட் என்றிருந்தால், 230ஐ 100ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். அதன் வாட் அளவு, ஆம்ப்பின் லேபிளில் உள்ளதைவிடத் தாராளமாகவே இருக்கட்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, கிட்டாரைச் செருகாமல் ஆம்ப்பைப் போடுங்கள். 'ம்ம்ம்' என்ற உறுமல் பலமாகக் கேட்டால், உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வயதாகிக் காய்ந்திருக்கலாம். மாற்றிவிடலாம், ஆனால் செலவு உண்டு.

மூன்றாவது, எல்லாக் குமிழ்களையும் திருகிப் பாருங்கள். கரகரத்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தூசிதான், சுத்தம் செய்தால் போய்விடும்.

நான்காவது, ஸ்பீக்கரைப் பாருங்கள். சுவிட்ச் போட்டதும் அதன் கூம்பு முன்னே தள்ளிப்போய் அப்படியே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். பவர் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். விட்டால் ஸ்பீக்கரும் எரியும்.

கடைசியாக, அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள். சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். "அண்ணே, கொஞ்ச நேரம் ஓட விடலாமா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பழுதானால்?

நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். அனுபவமுள்ள ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். பழைய ஆம்ப்புகளில் பாகங்கள் பெரிதாக, கையால் மாற்றும்படி இருக்கும். சாதாரண மின்தேக்கி, ஃபியூஸ் போன்றவை கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் உள்ள மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் காலத்துச் சிறப்புச் சிப்புகள் போய்விட்டால் தேடுவது சிரமம். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அரை நூற்றாண்டுக்கு முன் செய்த ஒரு பெட்டியை இன்றும் சரிசெய்து வாசிக்க முடிகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. குப்பைக்குப் போக வேண்டியது, கிட்டார் கற்கும் ஒரு பிள்ளையின் முதல் ஆம்ப் ஆகலாம். லேபிளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.