ரைட்டர் என்றால் கதை எழுதுபவர் இல்லை!

நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் 'ரைட்டர்' என்று ஒருவர் இருப்பார். புகாரையும் வழக்கு விவரத்தையும் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. ரைட்டர் என்ற சொல் இப்படி அலுவலக எழுத்து வேலையைக் குறிப்பது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதுதான் கடைசிப் படி உத்தியோகத்தின் பெயர். அதற்கு மேலே ஃபேக்டர், ஜூனியர் மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட் என்று படிகள்.

ராபர்ட் கிளைவ் 1744-இல் சென்னைக்கு வந்து இறங்கியது படைத்தளபதியாக அல்ல, ரைட்டராக. வயது 18, சம்பளம் வருடத்துக்கு 5 பவுண்டு! அவருக்கு முன்பே 1672-இல் அதே வேலைக்கு வந்த எலிஹு யேல், 1687-இல் கோட்டையின் கவர்னரே ஆனார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயர்தான்.

இவர்கள் அலுவலக எழுத்தை எங்கே கற்றார்கள்? தனியாகப் பள்ளி ஏதும் இல்லை. கோட்டையில் உட்கார்ந்து கடிதம், கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் நகல் எடுக்க வேண்டும். எடுத்து எடுத்தே பழக வேண்டும்.

எதற்கு இத்தனை நகல்? முதல் காரணம் தூரம். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-இல்தான். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல் லண்டன் சேர ஆறு மாதம்கூட ஆகும். கப்பல் மூழ்கினால் கடிதமும் போச்சு. அதனால் ஒரே கடிதத்தை வேறு வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். பத்திகளுக்கு எண் போட்டார்கள். "உங்கள் கடிதத்தின் 5-ஆம் பத்திக்குப் பதில்" என்று எழுதினால் குழப்பம் வராது அல்லவா? ஒரு வரி புரியவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஓடிவிடும். அதனால் படிப்பவர் திருப்பிக் கேட்கத் தேவையில்லாதபடி எழுதியாக வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் அவநம்பிக்கை. ஊழியர்கள் சொந்த வியாபாரத்தில் பணம் குவிப்பது லண்டன் முதலாளிகளுக்குத் தெரியும். கவுன்சில் கூட்டத்துக்கு யார் வந்தார்கள், என்ன முடிவானது, யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வந்தாக வேண்டும். ஆனால் காகிதம் எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. யேலே பெரும் சொத்து சேர்த்தார். முறைகேட்டுப் புகார்களுக்குப் பிறகு 1692-இல் பதவியும் போனது.

லண்டன் பக்கமும் இதே கதைதான். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கம்பெனி அலுவலகத்தில் இந்தியாவுக்கான கடிதங்களைத் தயாரித்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை! பார்க்காத நாட்டின் நிர்வாகம் முழுக்கக் காகிதத்தின் மேல் நடந்தது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். காகிதத்தில் இல்லாதது அரசாங்கத்துக்கு நடக்காததாகவே ஆயிற்று. எழுதத் தெரியாத விவசாயியின் குறை மேலே போக வேண்டும் என்றால், அதை மனுவாக எழுதித் தர இன்னொருவர் வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்களை இன்றும் பார்க்கலாம். எழுதத் தெரிந்தவன் கையில் அதிகாரம் வந்தது. தெரியாதவன் காத்து நின்றான்.

நம் அரசுக் கடிதங்களில் 'பொருள்', 'பார்வை' என்று இரண்டு வரிகள் இருக்கும். எதைப் பற்றிய கடிதம், முன்பு வந்த எந்தக் கடிதத்தை ஒட்டியது என்று அவை சொல்லும். இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் நமக்கு வெறும் சடங்காகத் தெரியலாம். ஆனால் நம்மை அறியாத ஒருவர், நம்மிடம் எதையும் கேட்க முடியாத இடத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறார் என்பதற்காகத்தான் அந்த வரிகள். வேலைக்கு விண்ணப்பம் எழுதினாலும் சரி, தெருவிளக்குக்கு மனு எழுதினாலும் சரி, அந்த ஆளை மனதில் வைத்து எழுதினால் பாதி வேலை முடிந்தது.

நம் மனுவை நாமே எழுதக் கற்றுக்கொள்வோம் நண்பர்களே. அடுத்தவருக்கும் ஒன்று எழுதிக் கொடுப்போம்.